விலைப்பலகையில் மூன்றாவது வரி

மஸ்கட்டிலிருந்து சுற்றறிக்கை வந்தது:
நாளை முதல்
ஒன்பதாவது வரியில் இருக்கும் யுவான்
மூன்றாவதுக்கு.
நடுவில் இருப்பவை ஒரு படி இறங்கும்.
டாலரை யாரும் தொடச் சொல்லவில்லை.
காரணம் எழுதவில்லை.

துக்மில் எங்கள் கிளை
இரண்டு கவுண்டர், ஒரு ஏசி,
கதவு திறந்தால் கூடவே வரும் மணல்.
பலகை இன்னும் பழைய மாதிரி:
தகரப் பட்டைகள், நாலு மூலையில் திருகாணி.
நான் ஸ்டூலில் ஏறினேன்.
தயாளினி காலைப் பிடித்துக்கொண்டாள்,
ஸ்டூலின் காலை.

ஏழு வருடம் மூன்றாவதாய் இருந்த ரூபாய்
எளிதில் கழன்று வரவில்லை.
உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது.
தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.
பிறகு வந்தது,
சுவரின் பழைய வெள்ளையில் ஒரு நீள்சதுரம் விட்டு.

ஜன்னலுக்கு வெளியே
உலர்துறையில் நம் கடற்படைக் கப்பலொன்று
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.
அதற்கும் அப்பால், வெட்டவெளியில்,
சீன எழுத்தில் பெரிய வாயில் ஒன்று.
வாயில் முடிந்துவிட்டது.
உள்ளே வரவேண்டியவை இன்னும் வரவில்லை.
ஒட்டகங்கள் அதனடியில் வந்து நின்றன,
நிழலுக்கு.

பத்து மணிக்கு ஒரு மாலுமிப் பையன்.
என் பெயர்ப்பட்டையைப் படித்தான்:
"சவேரியான்... அண்ணே, மணப்பாடா?"
"உவரி."
சிரித்தான். பிறகு மேலே பார்த்தான்.
"என்னண்ணே, நம்மளக் கீழ எறக்கிட்டீங்க?"
"நான் எறக்கல தம்பி.
ஸ்டூல்ல ஏறுனேன், அவ்வளவுதான்."

அவனுக்குப் பின்னால் டோக்கன் நாற்பத்திரண்டு,
பொறியாளர் லியாங்.
பலகையைப் பார்க்கவே இல்லை.
சமையற்காரருக்குச் சம்பளம் அனுப்ப வந்தவர்,
நாகர்கோவிலுக்கு.
பையன் கைபேசியில் கணக்குப் போட்டான்.
லியாங் எட்டிப் பார்த்துக்
கட்டைவிரலை உயர்த்தினார்.
அவர் ஊர்த் தயாரிப்பாம்.
பையன் ஒரு நொடி
அதைக் கவிழ்த்துப் பிடித்தான்.

மதியம் முஸல்லம் வந்தார், மீன் விற்ற காசோடு.
பர்ஸின் உள்ளறையிலிருந்து எடுத்தார்
சிவப்பாய் ஒரு பத்து ரூபாய் நோட்டு.
வளைகுடாவுக்கென்றே
இந்தியாவில் நிறம் மாற்றி அடித்தது.
"இதற்கு என்ன ரேட்?"
சீண்டத்தான் கேட்டார்.
அவர் அப்பா காலத்தில்
இதுவும் வெள்ளித் தாலரும் போதுமாம்,
பலகை எதற்கு என்பாராம்.
அதற்காக வருந்தியவர்போலத் தெரியவில்லை.
நெய்மீன் விலை ஏறிய சந்தோஷத்தில் இருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
ரூபாய் விழும் நாளில்
என் பணம் உவரிக்குக் கொஞ்சம் கொழுத்துப் போகும்.
ஆகஸ்ட் பதினைந்தில் கொடியைப் பார்த்துக்
கண் கலங்க நின்றவன்தான்.
மறுநாள் காலை
இன்னும் ஐந்து பைசா விழட்டுமே என்று
திரையை வெறித்திருந்தவனும்.

தயாளினிக்கு அந்தக் குழப்பம் இல்லை.
மன்னார்க்காரி.
அவள் நாட்டுப் பட்டை கடைசி வரி;
இன்று அதை யாரும் இறக்கவில்லை,
இறக்க இடமில்லை.
அந்த வருடம், ஒரே நாளில் இரண்டு முறை,
அவளே அதன் எண்களைக் கழற்றி மாட்டியிருக்கிறாள்.
"ரெண்டு பேரும் எங்கட வாசலுக்குக்
கடன் குடுக்கத்தான் வந்தவை," என்றாள்.
"துறைமுகம் ஒருத்தருக்கு.
எண்ணெய்க் குதம் மற்றவருக்கு.
தேத்தண்ணி மட்டும்
ரெண்டு பேருக்கும் ஊத்தினது நாங்கள்."

மாலையில் காற்று ஏறியது.
பலகை சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது.
யுவான் பட்டைக்கு ஒரு திருகாணி குறைவு,
ஒன்பதாவது வரியிலேயே அது அப்படித்தான்.
ஸ்டூலை உள்ளே வைக்கவா என்றாள்.

இருக்கட்டும் என்றேன்.